இரண்டாயிரத்து நாற்பத்தேழில் நடந்த வைவா

தமிழ்வாணியின் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர்கள் இருவரும் பட்டம் வழங்கலாம் என்று எழுதி அனுப்பிய அதே வாரத்தில்தான், பல்கலைக்கழகத்துக்கு எதிர்காலம் என்று ஒன்று இருப்பது துணைவேந்தருக்குத் தெரியவந்தது. டெல்லியில் ஏதோ மாநாட்டுக்குப் போனவர், அங்கே வந்திருந்த எல்லாப் பல்கலைக்கழகங்களிடமும் வியூகத் திட்டம் என்று ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கல்யாண வீட்டில் எல்லார் கழுத்திலும் நகை மின்ன, தன் வீட்டம்மா மட்டும் வெறுங்கழுத்தோடு நின்றதைக் கண்டவர் போல இருந்ததாம் அவர் முகம். விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டி வந்த டிரைவர்தான் இதை எல்லாரிடமும் சொன்னார்.

பல்கலைக்கழகம் மதுரையிலிருந்து கொட்டாம்பட்டி போகும் வழியில், நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. தமிழ்வாணிக்கு அங்கே மிச்சம் இருந்த வேலை வைவா ஒன்றுதான். வைவா என்றால் வாய்மொழித் தேர்வு. ஆய்வு மாணவர் மேடையேறித் தன் ஆராய்ச்சியை விளக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பொதுமக்களும் வரலாம் என்று விதி இருக்கிறது, பொதுமக்கள் இதுவரை வந்ததில்லை. முடிந்ததும் டீயும் மிக்சரும், தேர்வாளருக்கு ஒரு பொன்னாடை. அன்று மாலையே பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு நிரந்தர வேலை முடிவாகியிருந்தது. ஜூனில் கல்லூரி திறக்கும்போது வைவா முடிந்ததற்கான சான்றோடு வந்தால் வேலை அவளுக்கு, வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. கல்லூரி முதல்வர் இதை மிகவும் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதாலேயே அவள் நாட்காட்டியை எடுத்து நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

அவள் ஆராய்ச்சி, கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் சாணி உருட்டும் வண்டுகளைப் பற்றியது. சமணர் படுக்கையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார்கள். இவள் ஒருத்திதான் தரையைப் பார்த்துக் குத்தவைத்துக்கொண்டிருப்பாள். கொட்டாம்பட்டியில் அவள் அம்மா மலையம்மாள், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் 'டாக்டருக்கு' என்று சொல்லிவைத்திருந்தாள். மேற்கொண்டு குடைந்தவர்களிடம் 'மாட்டு சம்பந்தமா' என்றாள். இதை நம்பி இரண்டு வீட்டார் சினை பிடிக்காத மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றதும் உண்டு.

இந்த நிலையில்தான் சுற்றறிக்கை வந்தது. 'வியூகத் திட்டம் 2047' என்று தலைப்பு. பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்தை வகுக்கப் பல அணிகள் அமைக்கப்படுகின்றன. தொலைநோக்கு அணி, இலக்கு அணி, தொலைநோக்கையும் இலக்கையும் ஒருங்கிணைக்கும் அணி, அந்த ஒருங்கிணைப்பைக் கண்காணிக்கும் அணி என்று பட்டியல் இரண்டாம் பக்கத்துக்கும் போயிற்று. கடைசியில் இப்படி எழுதியிருந்தது: 'அணிகளில் சேர்வது முற்றிலும் தன்னார்வத்தைப் பொறுத்தது. சேர விரும்பாதவர்கள் அதற்கான காரணத்தைத் துறைத்தலைவர் வழியாக மூன்று பிரதிகளில் தெரிவிக்கவும்.'

திட்டத்துக்கு இயக்குநராகப் பேராசிரியர் சித்தார்த் நியமிக்கப்பட்டார். மேலாண்மைத் துறைக்காரர். எதையும் ஒருமுறை சொன்னால் புரியாது என்று நம்புகிறவர். மூன்றுமுறை சொல்லியும் புரியாதபடி சொல்லத் தெரிந்தவர். தன்னார்வலர்களைச் சேர்க்க வெள்ளிவிழா அரங்கத்தில் அவர் ஒரு கூட்டம் கூட்டினார்.

அங்கே எந்தக் கூட்டமானாலும் பின்வரிசையிலிருந்துதான் நிரம்பும். முன்னால் உட்கார்ந்தவன் தலையில்தான் வேலையைக் கட்டுவார்கள் என்பது, அலுவலக உதவியாளர் முதல் மூத்த பேராசிரியர் வரை எல்லாரும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். அன்றைக்கு அரங்கின் முன்பாதி முழுக்கக் காலி. பின்பாதியில் இடம் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். ஒரு துறைத்தலைவர் தூணுக்குப் பின்னால் நின்றார்.

"நண்பர்களே," என்று தொடங்கினார் சித்தார்த். "தன்னார்வம் உங்கள் உள்ளத்திலிருந்து வர வேண்டும். அது வருவதற்கு இந்தக் கூட்டம் முடியும்வரை அவகாசம் தருகிறேன். நாம் என்ன செய்யப்போகிறோம் என்று சிலர் கேட்கிறார்கள். திட்டமிடப்போகிறோம். திட்டமிட்ட பிறகு என்ன செய்வோம் என்றும் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட கேள்விகளால்தான் நம் நாடு பின்தங்கியிருக்கிறது."

விருப்பம் உள்ளவர்கள் முன்வரிசைக்கு வரலாம் என்றார். ஒருவரும் அசையவில்லை. சித்தார்த் அசந்துவிடவில்லை. சரி, விருப்பம் இல்லாதவர்கள் முன்வரிசைக்கு வந்து தங்கள் காரணத்தை மைக்கில் சொல்லலாம் என்றார். அதற்கும் ஒருவரும் அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்கள், ஒருவருக்குக்கூட மறுப்பு இல்லை. நூற்றுக்கு நூறு தன்னார்வம். இந்தியாவிலேயே இப்படி ஒரு பல்கலைக்கழகம் கிடையாது."

அவ்வளவுதான், எல்லாரும் தன்னார்வலர்கள் ஆனார்கள். டீ கொண்டுவந்திருந்த கேன்டீன்காரர் தொழில்துறைப் பிரதிநிதி ஆனார். தூணுக்குப் பின்னால் நின்றவரைத் தலைமைப்பண்பு அணியில் போட்டார்கள். தமிழ்வாணியும் அவளோடு ஆராய்ச்சி செய்யும் தோழி சுஃபியாவும் ஆய்வு மேன்மை அணியில் விழுந்தார்கள். அவளுடைய நெறியாளர் கண்ணுச்சாமி நாலு அணிகளில் இருந்தார். நல்ல மனிதர். யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராதவர் என்பதால் அவரை ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

வைவாவுக்கு நாள் குறிக்க அவரிடம் போனபோதுதான் தமிழ்வாணிக்கு விஷயம் தெரிந்தது. வைவாவைப் புரொஜெக்டர் உள்ள அரங்கத்தில்தான் நடத்த வேண்டும். பல்கலைக்கழகத்தில் உள்ள எல்லா அரங்கங்களும் அணிகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. சாவிக்கொத்து இயக்குநரின் மேசையில் இருந்தது.

"நீயே ஒருதடவ போய்க் கேட்டுப் பாரும்மா," என்றார் கண்ணுச்சாமி. "நான் கேக்கப் போனா இன்னொரு அணியில போட்ருவாரு."

சித்தார்த் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு விளக்கினார். "வைவா என்பது நீங்கள் ஏற்கெனவே செய்துமுடித்த ஆராய்ச்சியைப் பற்றியது. அதாவது கடந்த காலம். அரங்கங்களோ எதிர்காலத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எதிர்காலத்தைக் காலிசெய்துவிட்டுக் கடந்த காலத்துக்கு எப்படி அம்மா இடம் கொடுப்பது?"

"திட்டம் எப்ப சார் முடியும்?"

"அதைத் திட்டமிடத் தனி அணி இருக்கிறது," என்றார் அவர் பெருமையாக.

வேறு வழியில்லாமல் தமிழ்வாணி தன் அணியின் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போனாள். உள்ளே இருந்தால் எப்படியாவது ஒரு பிற்பகல் அரங்கத்தைப் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. முதல் கூட்டத்தில் அணிக்குச் சின்னம் எது என்று பேசினார்கள். ஆலமரம் என்று முடிவானது. அடுத்த கூட்டத்தில் எல்லா அணிகளுமே ஆலமரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது தெரியவந்து, விழுது தொங்குவது எந்தப் பக்கம் என்பதை வைத்து அணிகளைப் பிரித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த கூட்டம் தீர்மானங்களை வாசிப்பதற்கு. தீர்மானம் எதுவும் இல்லாததால், அடுத்த கூட்டத்தில் வாசிப்பது என்று தீர்மானித்தார்கள்.

சித்திரை பிறந்து, வெயில் சுட்டெரிக்க ஆரம்பித்த நாள் ஒன்றில் ஒருவழியாக முதல் இலக்கு உருவானது: 'ஆய்வேடு ஏற்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் வைவா நடத்தப்படும். இந்நிலை 2047-க்குள் எட்டப்படும்.' எல்லாரும் கைதட்டினார்கள். தமிழ்வாணி கையைத் தூக்கினாள். தன் ஆய்வேடு ஏற்கப்பட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது, ஒரு தொடக்கமாக அதையே நடத்திவிடலாமே என்று கேட்டாள். சித்தார்த் பரிவோடு சிரித்தார். இது திட்டமிடும் அணி, நடத்துவது செயலாக்க அணியின் வேலை, செயலாக்க அணிக்குத் தன்னார்வலர்களைத் திரட்டும் பணி திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் வருகிறது என்றார். அவள் கேட்டதை 'இலக்குக்கு மாணவர்கள் உற்சாக வரவேற்பு' என்று குறித்துக்கொண்டார்கள்.

கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டுகளோடு அலைந்த அத்தனை வருட வெயிலில் வராத அழுகை. கல்லூரி முதல்வருக்கு என்ன பதில் எழுதுவது, அம்மாவிடம் என்ன சொல்வது என்று புலம்பினாள். சுஃபியா டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். சுஃபியாவின் அப்பாவுக்குக் காஜிமார் தெருப் பக்கம் வளையல் கடை. யாரிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துபடி.

"எங்க அத்தா கடையில வந்தவங்ககிட்ட வாங்கிக்கங்கன்னு ஒருநாளும் சொல்ல மாட்டாரு. சும்மா கையில போட்டுப் பாருங்கம்பாரு. போட்டதுக்கப்புறம் கழட்ட அவங்களுக்கே மனசு வராது. நீ வைவான்னு கேட்டா அந்தாளு தரமாட்டாரு வாணி. டெமோன்னு கேளு."

மறுநாள் தமிழ்வாணி போய், 2047-இல் ஒரு வைவா எப்படி இருக்கும் என்று துணைவேந்தர் முன்னிலையில் செய்துகாட்டினால் என்ன என்று கேட்டாள். சித்தார்த் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இத்தனை வாரமாக அணிகள் கூடிக்கொண்டிருந்தும் படம் எடுத்துப் போடும்படியாக ஒன்றுமே நடக்கவில்லை என்று துணைவேந்தர் முந்தின நாள்தான் அவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

"செயல்விளக்கம்! வெள்ளிவிழா அரங்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாடகம் மாதிரி இருக்கக்கூடாது. எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். வெளித் தேர்வாளரை வரவழையுங்கள். தேர்வுத் துறையை முறைப்படி அறிவிப்பு வெளியிடச் சொல்கிறேன். கையெழுத்துகூட அசலாகவே இருக்கட்டும்."

தமிழ்வாணிக்குப் பொய் வராது. "சார், உண்மையச் சொல்லிர்றேன். இது நெசமாவே என் வைவாதான்," என்றாள்.

"அப்படித்தான் நினைக்க வேண்டும்," என்றார் சித்தார்த் நெகிழ்ந்துபோய். "அந்த உணர்வோடுதான் செய்ய வேண்டும்."

அவருக்கு ஒரே ஒரு குறை. 2047 என்று மேடையில் எழுதிவிட்டுச் சாணியைப் பற்றிப் பேசுவது அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. வண்டுக்குப் பதிலாக டிரோன் என்று மாற்றிவிடலாம், இரண்டும் பறக்கத்தானே செய்கின்றன என்றார். அவளோடு வந்திருந்த கண்ணுச்சாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"முடியாது சார்," என்றார்.

சொன்னவர் யார் என்று தமிழ்வாணி திரும்பிப் பார்த்தாள். அவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சித்தார்த்துக்கு இந்த மனிதரிடமிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மே மாதக் கடைசியில் அந்த நாள் வந்தது. மேடையின் பின்னால் 'ஆண்டு 2047' என்று வண்ண விளக்குகளில் எழுதியிருந்தார்கள். தன்னார்வலர்கள் அத்தனை பேரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்பாதியில் நிரம்பியிருந்தார்கள். மகளின் பரீட்சையைப் பார்க்கக் கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த மலையம்மாளுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. முன்வரிசையில் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். சித்தார்த் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து, 'கிராமப்புறப் பங்குதாரர்' என்று அச்சிட்ட அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். வைவாவுக்கு முதன்முறையாகப் பொதுமக்கள் வந்திருந்தார்கள்.

வெளித் தேர்வாளர் பேராசிரியர் அன்னக்கொடி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். பூச்சியியலில் பெரிய பெயர். ஆய்வேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் ஏதாவது எழுதி வைத்திருந்தார். விளக்குகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆய்வேட்டைத் திறந்தார். தமிழ்வாணி பேசி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, மலைக்குக் கெழக்கால உள்ள அந்த ரெண்டாவது இடத்துல ஒரு வருசம் வண்டே இல்லாமப் போச்சு. மழ இல்லைன்னு காரணம் எழுதியிருக்க. அந்த வருசம் மத்த இடத்துல மட்டும் மழ பெஞ்சுச்சா?"

மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் பொய்த்திருந்தது. இதை யாரும் இதுவரை கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொள்ளவில்லை. முந்தின நாள் நடத்திய ஒத்திகையில் இது இல்லையே என்று சித்தார்த் தாளைப் புரட்டினார். பிறகு மேடையேறி அன்னக்கொடியின் காதோரம் குனிந்து, நேரமாகிறது, தேர்ச்சி என்று அறிவித்துவிடலாமே, வெறும் டெமோதானே என்றார். அவர் காதோரம் சொன்னதை மைக் எல்லாருக்கும் சொன்னது.

"தம்பி, நான் வந்தது கேள்வி கேக்க," என்றார் அன்னக்கொடி. "போய் ஒக்காருங்க."

இதுவும் ஒத்திகையில் உள்ளதுதான் என்று நினைத்துத் தன்னார்வலர்கள் பலமாகக் கைதட்டினார்கள். சித்தார்த் உட்கார்ந்தார்.

கைதட்டல் அடங்கியபோது தமிழ்வாணிக்கு அந்த வருடம் நினைவுக்கு வந்திருந்தது. "மழ இல்லைன்னு எழுதுனது தப்பு மேடம்," என்றாள். "அந்தப் பக்கத்து மாடுகளுக்குத்தான் அந்த வருசம் குடல்புழு ஊசி போட்டாங்க. மருந்து சாணியில எறங்கி வண்டுக செத்திருக்கலாம். ஆனா நான் அத அளந்து பாக்கல. பாத்திருக்கணும்."

அன்னக்கொடி அதை ஆய்வேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "அத எழுதிச் சேத்துக் குடு. அதுதான் ஒன்னோட அடுத்த வேல," என்றவர், பேனாவைத் திறந்து, பட்டத்துக்குப் பரிந்துரைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். கண்ணுச்சாமியும் போட்டார். தமிழ்வாணி மேடையிலேயே அழுதுவிட்டாள். மலையம்மாள் எழுந்துபோய் மகளைக் கட்டிக்கொண்டாள். புகைப்படக்காரர் சரமாரியாக எடுத்துத் தள்ளினார்.

துணைவேந்தர் முடிவுரைக்கு எழுந்தார். "எவ்வளவு தத்ரூபம்! ஒரு கணம் நான் உண்மை என்றே நினைத்துவிட்டேன். குறிப்பாக அந்தக் கண்ணீர். 2047-இல் நம் மாணவர்களுக்கு உண்மையிலேயே இப்படியொரு நாள் வாய்க்கும். அதுவரை நாம் அவசரப்படாமல் திட்டமிடுவோம்," என்றார். அணிகளின் சார்பில் அவளுக்குச் சிறந்த நடிப்புக்கான கேடயம் ஒன்றையும் கொடுத்தார்.

அறிவிப்பு முறைப்படி வந்திருந்தது, கையெழுத்துகள் அசலாக இருந்தன. ஆகவே தேர்வுத் துறை தன் வழக்கப்படி சான்றை அடித்துக் கொடுத்துவிட்டது. தமிழ்வாணி ஜூனில் விருதுநகருக்குப் போய் வேலையில் சேர்ந்தாள். அதன் பிறகுதான் டெமோவில் கொடுத்த பட்டம் நிஜப் பட்டமாகவே ஆகிவிட்டது என்று சித்தார்த்துக்குத் தெரிந்தது. கண்ணுச்சாமியைக் கூப்பிட்டு, அதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டார். கண்ணுச்சாமி முடியாது என்றார். இப்போது அவருக்கு அது சுலபமாக வந்தது, நாலு அணிகளுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டு வந்தார்.

சித்தார்த் ஓர் இரவு முழுக்க யோசித்திருக்க வேண்டும். நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டால் 2047-இன் இலக்கை இப்போதே எட்டியதாகிவிடும். ஒரு சாவியைக் கொடுத்தால் நடந்துவிடுகிற காரியத்துக்கு இத்தனை அணிகள் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். ஆகவே நடந்தது நடக்கவில்லை என்று இலக்கு அணி ஒருமனதாக முடிவுசெய்தது.

ஆவணி வாக்கில் வியூகத் திட்டம் வழவழத் தாளில் புத்தகமாக வந்தது. எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். முனைவர் தமிழ்வாணி தன் பிரதியை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினாள். நடுப்பக்கம் முழுக்க அவர்கள் படம்தான். மேடையில் மகள் அழுதுகொண்டிருக்க, கழுத்தில் அட்டையோடு மலையம்மாள் அவளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று மலையம்மாள் கேட்டாள். தமிழ்வாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள்: 'இரண்டாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டில் பட்டம் பெறும் மாணவியும் அவரது தாயாரும். கற்பனைக் காட்சி.'

மலையம்மாள் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அப்ப அந்த வருசமும் நான் உசுரோட இருக்கேன்னு யுனிவர்சிட்டியே எழுதிருச்சா? நல்ல புத்தகமாத்தான் போட்டுருக்காங்க. கசங்காம பீரோவுல வையி."